புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு மாடி விரிவாக்கத்துக்கு ஆட்சேபம் – கவுன்சில் முடிவு வந்துவிட்டது

இங்கிலாந்தில் எங்கள் பக்கத்து வீட்டில் பின்பக்கம் இரண்டு மாடி எழுப்ப கவுன்சிலிடம் (கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்பு) விண்ணப்பித்திருந்தார்கள். எப்படி ஆட்சேபிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்பதெல்லாம் எடுபடாது, வெளிச்சம், அந்தரங்கம், பார்க்கிங் பற்றி மட்டும் எழுதுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பக்கவாட்டு ஜன்னல் நேரே எங்கள் படுக்கையறையைப் பார்க்கும் என்பதை அளவோடும் படத்தோடும் 21 நாள் கெடுவுக்குள் பதிந்தேன். வார்டு கவுன்சிலரிடமும் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டதால் அதிகாரி மட்டத்தில் முடியாமல், கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் திட்டக் குழுவுக்குப் போனது. அங்கே எனக்குப் பேச 3 நிமிடம்தான். அந்த ஜன்னலைப் பற்றி மட்டுமே பேசினேன்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட வேண்டும், அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே திறக்கக் கூடாது என்று நிபந்தனை. எனக்கு வேண்டியது அதுதான்.

எதிர்பாராத விஷயம்: ஆட்சேபக் கடிதம் என் பெயர், முகவரியோடு கவுன்சில் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிட்டது. இன்னொன்று, மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் நமக்கு அந்த உரிமை கிடையாது. 6 வாரத்துக்குள் நீதிமன்ற மறுஆய்வு (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) மட்டும் கோரலாம், ஆனால் அதற்குச் செலவு அதிகம்.