டிரிப் காபி மேக்கர்: லைட் எரியுது, சூடு ஏறலை

பென்னாகரம்_போர்தண்ணி:
750 வாட் டிரிப் காபி மேக்கர். ஒரு மாசமா தண்ணி சரியா மேலே ஏறலை. கடகடன்னு ஆவியைத்தான் துப்பிச்சு. அரை டம்ளர் இறங்க கால் மணி நேரம் ஆச்சு. நேத்துல இருந்து சுவிட்ச் லைட் மட்டும் எரியுது, கீழ்த் தட்டுகூட சூடாகலை. ஊத்துறது போர் தண்ணிதான். மல்ட்டிமீட்டர் கையில இருக்கு. எங்கே ஆரம்பிக்கணும்? எலிமெண்ட் போயிருந்தா தூக்கிப் போட்டுடலாமா?

ஓசூர்_ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க, எலிமெண்ட் அவ்வளவு சீக்கிரம் போகாது. லைட் எரியுதுன்னா கரண்ட் ஒயரும் சுவிட்சும் பெரும்பாலும் நல்லா இருக்கு. தெர்மல் ஃபியூஸ் மேலதான் சந்தேகம், அதாவது சூடு அளவு மீறினா ஒரேயடியா கரண்டை அறுத்துடுற ஃபியூஸ்.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணியை முழுக்கக் கொட்டி, கவுத்துப் போடுங்க. அடித்தகட்டு ஸ்க்ரூவுல ஒண்ணு ரெண்டு ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூவும் வரலாம், அதுக்கு மொபைல் ரிப்பேர் பிட் செட் போதும். ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

உள்ளே லாடம் மாதிரி வளைஞ்ச அலுமினியம் இருக்கும். அதுல ஒரு பக்கம் எலிமெண்ட், ஒட்டினாப்ல தண்ணி ஓடுற குழாய். அது மேல கிளிப் போட்டு உட்கார்ந்திருக்குற வட்டமான சில்லு தெர்மோஸ்டாட், சூடு ஏறினா கரண்டை நிறுத்தி ஆறினதும் திரும்ப விடும். வெள்ளை நார் ஸ்லீவுக்குள்ள விரல் கணு அளவுக்கு இருக்குறது தெர்மல் ஃபியூஸ். சில மெஷின்ல ரெண்டு வரும், ரெண்டையும் பாருங்க.

மீட்டரை ஓம்ஸ்ல வைங்க. ஃபியூஸும் தெர்மோஸ்டாட்டும் ஆறின நிலையில கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். எலிமெண்டுக்குக் கணக்கு: 230 × 230 ÷ 750, அதாவது சுமார் 70 ஓம். கடைசியா, எலிமெண்ட் முனைக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவுல மீட்டரோட பெரிய ரேஞ்சுல பாருங்க. அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினா கரண்ட் கசியுதுன்னு அர்த்தம், அப்போ தூக்கிப் போடுங்க.

பென்னாகரம்_போர்தண்ணி:
எலிமெண்ட் 69 ஓம், உடம்புக்குக் கசிவு இல்லை. தெர்மோஸ்டாட் சரி. ரெண்டு ஃபியூஸ்ல ஒண்ணு ஓப்பன், தொடர்பே காட்டலை. அதை நேரா ஒயர் போட்டு இணைச்சு ஓட்டிப் பார்க்கலாமா? குழாய்க்குள்ள வெள்ளையா கட்டியிருக்கு, புளி கரைச்சு ஊத்தினா போகுமா?

ஓசூர்_ஸ்பேனர்:
ரெண்டுமே வேண்டாம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டா மெஷின் தீப்பிடிக்காம காப்பாத்துறது அந்த ஃபியூஸ் மட்டும்தான். புளியோட சக்கை குழாயிலேயே தங்கி அடைக்கும்.

ஃபியூஸ் ஏன் போச்சுன்னு பாருங்க. இந்த மெஷின்ல பம்ப் கிடையாது. டேங்க் தண்ணி தானா இறங்கி அலுமினியக் குழாய்க்கு வரும், அங்கே கொதிச்சு, குமிழிதான் அதை மேலே தள்ளும். உப்பு கட்டினா தண்ணி வரத்து குறைஞ்சு குழாய் வெறுமனே காயும், ஃபியூஸ் போகும். உப்பை எடுக்காம புது ஃபியூஸ் போட்டா அதுவும் சீக்கிரமே போகும்.

அதனால முதல்ல உப்பு. ரெண்டு சிலிகான் ஹோஸையும் உருவிட்டு, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 15 கிராம் சிட்ரிக் ஆசிட் (கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க) கரைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சால குழாய்க்குள்ள ஏத்துங்க. நுரை வரும். 20 நிமிஷம் விட்டுக் கழுவி, நுரை நிக்குற வரைக்கும் திரும்பப் பண்ணுங்க. ராத்திரி முழுக்க ஊறப் போடாதீங்க, அலுமினியம் அரிச்சிடும். டாய்லெட் ஆசிட் பக்கமே போகக் கூடாது.

டேங்க் வாயிலயோ ஹோஸ் முனையிலயோ சின்ன உருண்டை அல்லது ரப்பர் நாக்கு இருக்கும். தண்ணி டேங்குக்கே திரும்பிடாம தடுக்குற வால்வு அதுதான். உப்புத் தூள் அதுல சிக்கினா டேங்க்லயே குமிழி விடும், மேலே ஏறாது. குலுக்கினா உருண்டை ஆடுற சத்தம் கேக்கணும்.

புது ஃபியூஸை உடம்புல அச்சிட்டிருக்குற அதே டிகிரி, அதே ஆம்பியர்ல வாங்குங்க. ஜாஸ்தி டிகிரி வேண்டாம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் கடையில கேளுங்க, இல்லேன்னா பெங்களூரு எஸ்.பி. ரோடு. சால்டர் வெச்சா அந்தச் சூட்டுலயே ஃபியூஸ் போயிடும், கிரிம்ப்தான் (ஒயரைச் சின்ன உலோகக் குழலுக்குள்ள விட்டு நசுக்கி இணைக்குறது) போடணும். பழைய நார் ஸ்லீவையே மாட்டுங்க. இன்சுலேஷன் டேப் அங்கே உருகிடும். தெர்மோஸ்டாட் கிளிப் இறுக்கமா அலுமினியத்தைத் தொடணும். லூசா இருந்தா அது லேட்டா கட் ஆகும், முந்திக்கிட்டு ஃபியூஸ் போகும். ரெண்டாவது ஃபியூஸும் போச்சுன்னு வர்றவங்க பல பேருக்கு இந்தக் கிளிப்தான் காரணம்.

மூடுறதுக்கு முன்னாடி பிளக்கோட எர்த் பின்னுக்கும் தட்டுக்கும் தொடர்பு இருக்கான்னு பாத்துடுங்க.

பாலக்கோடு_ஆர்ஓ:
ஒரு சின்ன விஷயம். நம்ம தர்மபுரி ஜில்லாவுல போர் தண்ணியில இருக்குற ஃபுளோரைடு பிரச்சினையையும் இந்த வெள்ளைப் படிவையும் ஒண்ணா நினைக்கிறாங்க. குழாயில கட்டுறது கால்சியம் கார்பனேட். ஃபுளோரைடு கொதிக்க வெச்சாலும் போகாது, தண்ணி சுண்டினா இன்னும் செறிவாகும். காபிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இல்லேன்னா ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, மெஷினுக்கும் நல்லது. போர் தண்ணிதான்னா மாசத்துக்கு ஒரு தடவை லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் போட்டுப் பாதி ஓட்டி, ஆஃப் பண்ணி, 20 நிமிஷம் கழிச்சு மீதியை ஓட்டுங்க. அப்புறம் மூணு தடவை வெறும் தண்ணி.

பென்னாகரம்_போர்தண்ணி:
ஃபியூஸ் மாத்தியாச்சு, முக்கால் லிட்டர் 7 நிமிஷத்துல ஏறிடுது. நன்றிங்க. ஆனா இப்போ பொடிக் கூடை பொங்கி வழியுது, டிகாஷனோட தூளும் இறங்குது.

காவேரிப்பட்டணம்_டபரா:
தண்ணி இப்போ சரியான வேகத்துல வருது, அதனாலதான் தெரியுது. பித்தளை ஃபில்டருக்கு அரைச்ச சிக்கரி கலந்த பொடியா? சிக்கரி ஊறி வழவழன்னு ஆகி வடியுற வழியை அடைக்கும். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல வேண்டாம், கடையில "கொஞ்சம் கொரகொரப்பா"ன்னு சொல்லி அரைச்சு வாங்குங்க. கூடையில பாதிக்கு மேல பொடி போடாதீங்க.

கூடைக்கு அடியில ஸ்பிரிங் வெச்ச சொட்டு வால்வையும் கழுவுங்க. காபி எண்ணெய் பிசுக்கு ஏறி அது முழுசா திறக்காது. ஜக்கோட மூடி அதை மேலே தள்ளினாத்தான் திறக்கும். மூடி சரியா உட்காரலேன்னாலும் இதே மாதிரி வழியும்.