பெகு பக்கம் களிமண் வயல், உளுந்தில் தண்ணீர் வடிய வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பர்மாவில் பெகு பக்கம் 4 ஏக்கர், முழுக்கக் களிமண். மழைக்கால நெல்லுக்கு இந்த மண் தங்கம்தான், ஆனால் அறுப்பு முடிந்து உளுந்து விதைத்த பிறகு ஒரு பின்மழை பெய்தால் போதும், மூன்று நாள் ஆனாலும் வடியாமல் நின்று செடி மஞ்சளித்துப் போகிறது. போன வருஷம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்து கையோடு வந்தது. மனசே ஆறவில்லை.

மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் ஒரு சாணுக்குக் கீழே கல் மாதிரி இறுகிய அடுக்கு. வருஷா வருஷம் சேற்றுழவு ஓட்டி வந்தது அது. சரி, ஜிப்சம் போடலாமா என்று காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத்தண்ணீரில் ஒரு நாள் போட்டு வைத்தேன். கட்டி உதிர்ந்தது, ஆனால் தண்ணீர் பால் மாதிரி கலங்கவில்லை. மண்ணில் சோடியம் மிகுந்தால்தான் அப்படிக் கலங்கும், ஜிப்சம் போடுவதும் அதற்குத்தான். அதனால் சோடியம் பிரச்சினை இல்லை, ஜிப்சம் வீண் செலவு என்று நினைக்கிறேன்.

மேட்டுப்பாத்தி போட்டு வாய்க்கால் வெட்டலாம் என்று இருக்கிறேன். பாத்தி எவ்வளவு அகலம் வைத்தீர்கள், வாய்க்கால் எவ்வளவு ஆழம்? அப்புறம், அந்த அடுக்கை உடைத்தால் அடுத்த நெல்லுக்குத் தண்ணீர் நிற்காமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அறுப்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.