துணிப்பொம்மைக் கண் தையலில் ‘புல் காம்பென்சேஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பொம்மைக் கண் போடுவதற்கான கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்.

6 மி.மீ. விட்டமுள்ள கண்மணியைச் சரியான வட்டமாக வரைந்து, பக்கத்துக்குப் பக்கம் இழைகளை நெருக்கி அடுக்கும் சாட்டின் தையலை இடவலமாக ஓட்டினால் துணியில் வட்டம் வராது. நூலின் இறுக்கம் துணியை இரண்டு பக்கமும் உள்ளே இழுக்கும். அகலம் 5.5 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அடுத்தடுத்து விழும் இழைகள் ஒன்றையொன்று நெருக்குவதால் மேலும் கீழும் பிதுங்கும். குழந்தைப் பொம்மைக்குப் பூனைக் கண் அமைந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் பஞ்சிங் போடும்போதே, அதாவது மென்பொருளில் தையலுக்கான வடிவத்தை வரையும்போதே, பக்கத்துக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை அகலத்தைக் கூட்டி வரைகிறோம். ஆங்கிலத்தில் ‘புல் காம்பென்சேஷன்’ (pull compensation) என்கிற அந்தக் கூட்டலுக்கு ‘இழுப்பீடு’ என்று பெயரிடலாமா? மதிப்பீடு, காப்பீடு போல, இழுப்பு + ஈடு.

ராயபுரத்திலிருந்து:

அக்கா, சொல் நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் இழப்பீட்டுக்கும் இதற்கும் ஓர் உகரம்தான் வித்தியாசம். வேலைத்தாளில் எழுத்து மாறிப்போனால் ‘இழப்பீடு 0.3’ என்று நிற்கும். பேச்சிலோ இழுப்பு என்றால் மூச்சிழுப்பு.

‘சுருக்க ஈடு’ என்றும் போகக் கூடாது என்பது என் கருத்து. தையலைச் சுற்றித் துணி அலை அலையாக ஏறி நிற்பதைத்தான் தையற்காரர்கள் சுருக்கம் என்கிறார்கள். அது வேறு கோளாறு. அடியில் வைக்கும் பேப்பர் மெல்லியதாக இருந்தாலோ, பனியன் துணியைத் தையலின்போது பிடித்திருக்கும் வளையத்தில் இழுத்து மாட்டினாலோ அது வரும். வளையத்திலிருந்து எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அதற்கு மருந்து, கிழியாத கட்-அவே பேப்பரை மட்டும் வளையத்தில் மாட்டி, துணியை அதன்மேல் ஒட்டித் தைப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், சுருக்கம் விழுந்த கண்ணுக்கு அகலத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பார்கள்.

‘தையலுக்கு அரை இஞ்ச் விடு’ என்று எந்தத் தையல் கடையிலும் சொல்கிறார்களே, அந்த ‘விடு’வை எடுத்துக்கொண்டால் என்ன? ‘இழுப்புவிடல்’.

தண்டையார்பேட்டையிலிருந்து:

தம்பி, ‘விடு’ மக்கள் வாயில் இருக்கும் சொல் என்பது உண்மை. ஆனால் தையலுக்கு விடுவது, தைத்தபின் உள்ளே மறைகிற துணி. இங்கே நாம் கூட்டுவது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையே. புதிதாகக் கற்பவர் பொம்மையின் தலைக்கான துணியை வெட்டும்போது சுற்றிலும் விடும் 6 மி.மீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்வார்.

இன்னொரு குறை, மூன்று சொல்லுமே பாதி வேலையைத்தான் சொல்கின்றன. பக்கங்களில் கூட்டினால் போதாது, பிதுங்கும் முனைகளில் குறைக்கவும் வேண்டும். பெரும்பாலான மென்பொருளில் முதலாவதற்குத்தான் எண் போடும் கட்டம் உண்டு. இரண்டாவதைப் புள்ளிகளை நகர்த்திக் கையால்தான் செய்ய வேண்டும், அதனால் அது மறந்துபோகிறது. காரணத்தைச் சொல்லும் பெயரைவிட, கை எங்கே போக வேண்டும் என்று காட்டும் பெயர் நல்லது. ‘ஓரக்கூட்டு’, ‘முனைக்குறைப்பு’ என இரட்டையாக வைப்போம். ‘முனைக்குறை’ என்று நிறுத்தினால் பழுது என்ற பொருள் வந்துவிடும்.

ஓரம் எது, முனை எது என்பதைத் தையல் ஓடும் திசைதான் முடிவு செய்கிறது. இழை போய்த் திரும்பும் இடம் ஓரம். முதல் இழையும் கடைசி இழையும் விழும் இடம் முனை. சாய்வாகத் தைத்தால் இரண்டும் சேர்ந்து சாயும். ஒரு கண்ணைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பாமல் அப்படியே நகலெடுத்தால் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் கோணி, பொம்மைக்கு மாறுகண் விழுவது இதனால்தான். வெள்ளை ஒளிப்பொட்டை மட்டும் திருப்பக் கூடாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதானே விழும்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், ‘இழுப்பீடு’ வேண்டாம். ஆனால் கருவிழிக்கும் கறுப்பு வெளிக்கோட்டுக்கும் நடுவே துணி தெரிகிற இடைவெளியையும் ஓரக்கூட்டால் மூடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்வார்களே?

தண்டையார்பேட்டையிலிருந்து:

அதற்குத் தனிச்சொல்லாக ‘மேற்படிவு’ இருக்கட்டும். கருவிழியை வெளிக்கோட்டின் அடியில் 0.5 முதல் 1 மி.மீ. வரை நுழைத்து வரைவது அது. கோட்டைத் தடிமனாக்கி மூடினால் முகமே கடுமையாகிவிடும். பஞ்சு அடைத்தபின் பனியன் துணி நீள்வதையும் ஓரக்கூட்டில் சேர்க்கக் கூடாது. ஓரக்கூட்டு தையல் செய்கிற மாற்றத்துக்கு, நீட்சி துணி செய்கிற மாற்றத்துக்கு.

கையேட்டில் இப்படி எழுதலாம்: “கண்மணி 6 மி.மீ., சாட்டின், இழை இடைவெளி 0.4 மி.மீ. அடித்தையல்: ஓரத்திலிருந்து 0.6 மி.மீ. உள்ளே ஒரு சுற்று, அதன்மேல் ஜிக்ஜாக். ஓரக்கூட்டு பக்கத்துக்கு 0.3, முனைக்குறைப்பு முனைக்கு 0.2. அதே துணி, அதே பேப்பரில் மாதிரி தைத்து, வளையத்திலிருந்து எடுத்தபின் அளக்கவும். 7 மி.மீட்டருக்கு மேல் அகலமானால் சாட்டின் வேண்டாம், இழை தளர்ந்து எதிலாவது மாட்டும். நிரப்புத் தையல் போடவும்.”

ராயபுரத்திலிருந்து:

சரி அக்கா, ஓரக்கூட்டும் முனைக்குறைப்பும் இருக்கட்டும். அடுத்து, ரோமத் துணியில் இழை அமிழாமல் இருக்க மேலே விரிக்கும், தண்ணீரில் கரையும் பிலிமுக்கு ‘மேற்படலம்’ என்று எழுதியிருக்கிறேன். மேற்படிவோடு குழம்புமென்றால் இப்போதே சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.