'ஹோம்லி' என்று ஒரு மனிதரைச் சொல்லலாமா? பெயர்ப்பலகைக்கு உதவி தேவை

குமுளி வீட்டுக்காரி:
வணக்கம். தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். சமையல் என் மாமியார். ஆங்கில அறிமுகத்தில் 'ஹோம்லி ரூம்ஸ், ஹோம்லி ஃபுட், ஹோம்லி லேடி' என்று எழுதியிருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிய அம்மையார் ஒருவர், கடைசியில் உள்ளதை எடுத்துவிடும்படி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். காரணம் சொல்லத் தயங்கினார். 'ஹோம்லி மீல்ஸ்' பலகையை மலைக்கு மேலும் கீழும் எங்கும் பார்க்கிறோமே, அதில் என்ன தவறு? திங்கட்கிழமை பலகை எழுத ஆள் வருகிறார்.

கம்பம் ஆசிரியர்:
உடனே எடுத்துவிடுங்கள் அம்மா. அமெரிக்காவில் ஒருவரை 'ஹோம்லி' என்றால் பார்க்க லட்சணமாக இல்லை என்று பொருள். இது புதிய வழக்கும் அல்ல. 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதியிலேயே, அழகற்ற முகத்துக்கு இந்தச் சொல் இருக்கிறது. 'அக்லி' அளவுக்குக் கடுமையில்லை என்ற விளக்கத்தோடு. எளிமை, பகட்டின்மை என்ற பழைய பொருளிலிருந்து அங்கே அப்படித் திரும்பிவிட்டது. இங்கிலாந்தில் எளிமையும் வீட்டுச் சுகமும் கலந்த நல்ல சொல்லாகவே இருக்கிறது. சாப்பாட்டுக்கு நாம் எழுதுவது அந்த வழியில் வந்தது. நம் ஊர்ப் பயணிகளுக்குக் குழப்பமே வராது. வெளிநாட்டவரும் வருவதால் 'ஹோம் குக்டு ஃபுட்' என்று எழுதுங்கள்.

செங்கோட்டை வாசகர்:
ஐயா, அக்காவுக்கு வரன் தேடும் குறிப்பில் 'ஹோம்லி கேர்ள்' என்று போட்டிருக்கிறோம். நியூ ஜெர்சியிலிருந்தும் விசாரிக்கிறார்கள்.

கம்பம் ஆசிரியர்:
பெரியவர்கள் குடும்பப் பாங்கான பெண் என்று சரியாகவே புரிந்துகொள்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன் படித்தால் 'பெண் சுமார்' என்று நினைப்பான் தம்பி. மாற்றிவிடுங்கள். படிப்பு, வேலை, அக்காவுக்குப் பிடித்தவை இவற்றை எழுதினாலே போதும். அந்த ஒற்றைச் சொல்லால் அவரைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை.

குமுளி வீட்டுக்காரி:
நன்றி ஐயா. அறைகளுக்கு?

கம்பம் ஆசிரியர்:
நடுவில் இருக்கும் 'எல்' எழுத்தை எடுத்தால் 'ஹோமி'. அமெரிக்கர்கள் வீட்டுச் சுகத்துக்குச் சொல்வது அதைத்தான். ஆனால் இங்கே எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். 'கம்ஃபர்டபிள் ரூம்ஸ்' எல்லோருக்கும் பொருந்தும். மாமியாருக்கு 'வெல்கமிங் ஹோஸ்ட்' என்று எழுதுங்கள், எந்த நாட்டவருக்கும் அது மரியாதையான சொல்.