புதுப்பிப்பு: ஜன்னல் வெளிச்சத்தில் முகம் இருட்டான படம்

ஜன்னலோரம் பாட்டி உட்கார்ந்திருக்கும் படத்தில் முகம் இருட்டு, பிரைட்னஸைக் கூட்டினால் வெளியே வானம் வெளுத்துப்போகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அது ஓரளவு சரியாகிவிட்டது.

பிரைட்னஸைத் தொடவே இல்லை. ஜிம்ப் 2.10 என்ற இலவசப் படத் திருத்தச் செயலியில் கலர்ஸ் மெனுவுக்குள் ஷேடோஸ்-ஹைலைட்ஸ் இருக்கிறது, அதில் இருட்டுப் பகுதிகளுக்கான ஷேடோஸை மட்டும் மெதுவாக வலப்பக்கம் இழுத்தேன், கன்னத்துச் சுருக்கம், தோடு, சேலைக் கரை எல்லாம் எழும்பி வந்தன, வானம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. ரொம்ப இழுத்தால் தலைமுடியைச் சுற்றி வெளிறிய வளையம் விழும், அசிங்கமாக இருக்கும். ரேடியஸை (விளைவு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதை) கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், அடங்கும்.

அப்புறம் கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக நாய்ஸ். ஜேபெக் படம், ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான், அதிலும் இருட்டுக்குக் கிடைப்பது கொஞ்சம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பு என்றால் 16,384. ராவில் எடுக்கச் சொன்னவர் சொன்னது நியாயம்தான், ஆனால் இது பழைய படம், பாட்டியை மறுபடி உட்கார வைக்க முடியாது.

லெவல்ஸில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் கருவி) நடு முக்கோணத்தை நகர்த்தச் சொன்னவருக்கு: செய்தேன், வானமும் சேர்ந்து வெளுக்கிறது. லேயர் மாஸ்க் (மாற்றத்தை ஒரு பகுதிக்கு மட்டும் காட்டும் மறைப்பு) போட்டு முகத்துக்கு மட்டும் செய்தால்தான் அது உதவும்.