"போயே போச்சு" என்றால் போய்ச் சேர்ந்ததா, தொலைந்ததா?

மஸ்கெலியா மழை:
போன சனிக்கிழமை எங்கள் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் நின்றிருந்தேன். தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு (மேல் பிரிவு) அக்கா ஒருவர் மகளின் தொழிற்பயிற்சி விண்ணப்பத்தை இணையத்தில் போட வந்திருந்தார். கடைத் தம்பி எல்லாவற்றையும் நிரப்பி, அடையாள அட்டையைப் படம் பிடித்து ஏற்றி, அனுப்பு என்பதை அழுத்தினான். வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. அப்புறம் வாழைப்பழம் பிடித்த குரங்கு ஒன்று வந்தது. கீழே இப்படி இருந்தது: "போயே போச்சு! எங்கள் குரங்குப் படை பார்த்துக்கொள்ளும். தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"போயிருச்சா தம்பி?" என்று அக்கா கேட்டார். "போயிருச்சு அக்கா" என்றான். அவர் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அன்றுதான் கடைசி நாள். திங்கட்கிழமை போன் எடுத்துக் கேட்டால், விண்ணப்பம் வரவேயில்லை என்றார்கள். திரையின் மூலையில் கடுகளவு எழுத்தில் 500 என்று வழு எண் இருந்ததை நானும் பார்த்தேன், ஆனால் பிந்தித்தான் உறைத்தது. விண்ணப்பப் பக்கத்தில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

ஹட்டன் கோடர்:
அக்காவுக்கு நடந்தது கவலைதான். ஆனால் பழியை நகைச்சுவை மேல் போடாதீர்கள். நான் இணையத்தளம் செய்கிறவன். யூடியூப் ஒரு காலத்தில் இதே 500 வழுவுக்கு, நன்றாகப் பயிற்சி பெற்ற குரங்குக் கூட்டத்தை அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியது. உலகமே அதை ரசித்தது. இந்தத் தளக்காரரும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். "போச்சு" என்றால் தொலைந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் "ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போச்சு" என்றால் சம்பளம் கூடிவிட்டது என்றா நினைக்கிறோம்?

மஸ்கெலியா மழை:
பேர் போச்சு என்றால் நட்டம், சரி. "காயிதம் போச்சா?" என்று அம்மா கேட்டால்? தபாலில் சேர்த்தாயா என்றுதானே அர்த்தம். எந்தப் பொருளோடு சேர்கிறதோ அதை வைத்துத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். விண்ணப்பம் என்பது அனுப்புகிற பொருள். அனுப்பு என்று அழுத்தியவுடன் "போச்சு" என்று வந்தால், அக்கா எடுத்த அர்த்தம்தான் நேரான அர்த்தம். அதோடு "பார்த்துக்கொள்ளும்" என்றும் இருக்கிறது. எதைப் பார்த்துக்கொள்ளும்? விண்ணப்பத்தையா, கோளாறையா?

யூடியூப் குரங்கையும் இதையும் ஒன்றாக வைக்க முடியாது. அங்கே ஒரு வீடியோ ஓடாமல் போகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பிள்ளையின் ஒரு வருடம்.

பண்டாரவளை டீச்சர்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். 4இல் தொடங்கும் வழு எண் வந்தால் கேட்டவர் பக்கத்தில் பிழை, 5இல் தொடங்கினால் சேர்வர், அதாவது தளத்தை நடத்தும் கணினி, பக்கத்தில் பிழை. அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தான் பிழையாக நிரப்பினாரா, அவர்கள் பக்கம் பழுதா? அதைத்தான் அந்தக் குரங்கு மறைத்துவிட்டது.

அதற்காக நகைச்சுவையே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். 418 என்று ஒரு எண் இருக்கிறது, "நான் ஒரு டீ பொட்" என்று அர்த்தம். 1998 ஏப்ரல் 1ஆம் திகதி லாரி மாசிண்டர் என்பவர், கோப்பி போடும் பாத்திரத்தை இணையத்தால் இயக்குவதற்கென்று விளையாட்டாக எழுதிய விதிமுறையில் வருவது. டீ பொட்டிடம் கோப்பி கேட்டால் அது இப்படிப் பதில் சொல்ல வேண்டும். பகிடிதான், ஆனால் அதில் குழப்பமே இல்லை. நான் யார், உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் வகுப்பு முழுக்கச் சிரிக்கும், எண்ணும் மறக்காது.

ஹட்டன் கோடர்:
டீச்சர் சொன்ன நான்கு ஐந்து கணக்கை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தையும் யோசியுங்கள். குரங்கை எடுத்துவிட்டு, 500இன் முறையான பெயரான "உள்ளகச் சேவையக வழு" என்று போட்டிருந்தால் அக்காவுக்கு விளங்கியிருக்குமா? கடைத் தம்பிக்கே விளங்காது. என் அம்மா லயத்தில் போன் பாவிக்கிறவர். அப்படி ஒரு வரி வந்தால், தான் எதையோ உடைத்துவிட்டதாகப் பயந்து போனைக் கீழே வைத்துவிடுவார். குரங்கு வந்தால் பயப்படமாட்டார். அதற்காகத்தான் நாங்கள் படம் போடுகிறோம்.

மஸ்கெலியா மழை:
பயப்படாமல் இருப்பது நல்லது தம்பி. ஆனால் அந்த அக்கா பயப்படாததால்தான் பஸ் ஏறினார். கொஞ்சம் பயந்திருந்தால் இன்னொரு தடவை அழுத்தச் சொல்லியிருப்பார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பதையும் பாருங்கள். வேலை முடிந்தால் நாங்கள் சொல்வதும் அதுதான், வீட்டுக்கு வந்தவரை அனுப்பும்போது சொல்வதும் அதுதான். கடைக்குத் திரும்பி வா என்று அதில் எங்கே இருக்கிறது?

பண்டாரவளை டீச்சர்:
அந்த வரிக்குப் பதில் நேரத்தைச் சொல்லலாமே. 503 மாதிரி, இப்போது சேவை இல்லை என்கிற பதிலோடு எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப முயலலாம் என்பதையும் சேர்த்து அனுப்ப வழி இருக்கிறது. அதைத் திரையில் தமிழில் காட்டினால் போதும்.

ஹட்டன் கோடர்:
சரி, நான் எழுதிப் பார்க்கிறேன். குரங்கு இருக்கட்டும். அதற்கு மேலே பெரிய எழுத்தில்: "உங்கள் விண்ணப்பம் எங்களுக்கு வந்து சேரவில்லை. பழுது எங்கள் பக்கம். 10 நிமிடம் கழித்துத் திரும்ப அனுப்புங்கள்."

மஸ்கெலியா மழை:
"வந்து சேரவில்லை" நன்றாக இருக்கிறது, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. "திரும்ப அனுப்புங்கள்" என்றால் முதலிலிருந்து நிரப்ப வேண்டுமா, நிரப்பினது அப்படியே இருக்குமா?

ஹட்டன் கோடர்:
நிரப்பினது இருக்கும். அதையும் எழுதுகிறேன்.