சிறார் வழக்கு முடிந்தவருக்கு போலீஸ் வெரிஃபிகேஷன்: என்ன செய்வது?

கேள்வி: பையனுக்கு 17 வயதில் அடிதடி வழக்கு. இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்து முடித்துவிட்டது. இப்போது 20. செக்யூரிட்டி வேலைக்கு நடத்தைச் சான்று கேட்கிறார்கள். பழைய வழக்கு அதில் வருமா?

பதில் 1: வரக்கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74(2): முடிந்துபோன வழக்கின் விவரத்தை நடத்தைச் சான்றுக்காக போலீஸ் வெளியிடக் கூடாது. பிரிவு 24 அந்த வழக்கால் வரும் தகுதியிழப்பையும் நீக்குகிறது. 16 வயது நிரம்பி, பெரியவராகக் கருதி குழந்தைகள் நீதிமன்றம் விசாரித்த வழக்குக்கு மட்டும் அந்த 24 பொருந்தாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு நிலுவையில் உள்ள வழக்குக்கும் 74(2) பொருந்தும்.

பதில் 2: சட்டம் சரி, ஸ்டேஷனில்தான் சிக்கல். அதே எஃப்ஐஆரில் பெரியவர்களும் இருந்தால் கணினியில் பெயரைத் தட்டியதும் எல்லாம் வந்துவிடும். எழுதுபவர் வயதைப் பார்ப்பதில்லை. முதலில் குழுமத்தில் மனு கொடுத்து இறுதி உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அதோடு பிறப்புச் சான்று வைத்து, 74(2)-ஐக் குறிப்பிட்டு எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100.

பதில் 3: விண்ணப்பப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். ‘தண்டனை பெற்றதுண்டா’ வேறு, ‘வழக்குப் பதிவானதுண்டா’ வேறு. 2019-இல் சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) தேர்வு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சிறார் வழக்கைக் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது என்றது. ஆனால் அந்த விண்ணப்பதாரர் வழக்கைத் தானே தெரிவித்திருந்தவர். அரசு வேலை என்றால் வக்கீலிடம் காட்டாமல் ‘இல்லை’ என்று எழுத வேண்டாம்.